கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒரு பழைய கார்: பழுதில்லாமல் வைத்திருப்பது எப்படி

எங்கள் வீடு மட்டக்களப்பில், கல்லடியில். வாசலில் இருந்து கிழக்கே நடந்தால் பத்து நிமிடத்தில் கடல். மேற்கே நடந்தாலும் பத்து நிமிடம்தான், வாவி வந்துவிடும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் காலையில் காரின் பொனட்டில் விரலை இழுத்து நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரிக்கும். காரோடு வந்த கையேட்டில் உப்புக் காற்றைப் பற்றி நாலு வரிதான் இருக்கிறது. வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் கார் வைத்திருக்கும் எங்களுக்கு நாலு பக்கமாவது வேண்டும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என்னுடையது 2013ஆம் ஆண்டு சுசூகி ஆல்டோ, 796 சிசி. 2017இல் பாவித்த காராக வாங்கினேன். களுவாஞ்சிகுடியில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். போய் வர நாளைக்கு ஐம்பது கிலோமீற்றர் வரை ஓடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் பழைய கார்களின் விலை ஏறிய ஏற்றம் எல்லாருக்கும் தெரியும். இப்போதும் புதிய காரின் வரியைக் கேட்டால் ஒரு ஆசிரியச் சம்பளக்காரி கிட்டப் போக முடியாது. இருக்கிற காரைக் காப்பாற்றுவதைவிட எனக்கு வேறு வழி இல்லை. உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும்.

முதலில் துரு

2019இல் ஒரு நாள் பின் டயர் ஒன்றைக் கழற்றக் காத்தான்குடியில் ஒரு கராஜுக்குப் போனேன். ஜாக்கை வைத்து ஏற்றும்போது கரக் என்று ஒரு சத்தம். கராஜ்காரக் காக்கா ஜாக்கை இறக்கிவிட்டு நிலத்தில் படுத்துப் பார்த்தார். ஸ்க்ரூ ட்ரைவர் ஒன்றை எடுத்து, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் படிக்கட்டுத் தகரத்தில் லேசாகக் குத்தினார். அது கைப்பிடிவரை உள்ளே போனது. வெளியே இழுத்தபோது செம்பழுப்புப் பொடி ஒரு பிடியளவு சிமெந்துத் தரையில் கொட்டியது. "ரீச்சர், வெளியில பெயின்ட் இரிக்கி. உள்ளுக்க பிஸ்கட்" என்றார்.

அன்றுதான் எனக்கு விளங்கியது, கார் வெளியில் இருந்து துருப்பிடிப்பதில்லை. பெயின்ட் உள்ள பக்கத்தை நாம் கழுவுகிறோம், துடைக்கிறோம். துரு பிடிப்பது நம் கண் போகாத பொந்துகளில். கதவின் உட்பக்கம், படிக்கட்டுத் தகரத்தின் உட்பக்கம், சில்லு மூடிக்குள் மண் ஒட்டும் விளிம்பு, பின் கதவின் கீழ் மடிப்பு. ஈரமும் உப்பும் சேர்ந்து அங்கே தங்கிவிட்டால் இரும்பு கரையத் தொடங்கிவிடும். கல்லடியின் பழைய இரும்புப் பாலம் 1924இல் கட்டியது. அதே உப்புக் காற்றுக்குள், வாவிக்கு மேலேயே நூறு வருடமாக நிற்கிறது. அதன் இரும்பில் காற்றுப் படும், வெயில் படும், பெயின்ட் தூரிகை எட்டும். காரின் தகரமோ கடதாசி மாதிரி மெல்லியது, தூரிகை எட்டாத மடிப்புகள் நிறைய.

ஆகவே முதல் வேலை, தண்ணீர் வடிகிற ஓட்டைகளைத் திறந்து வைப்பது. எல்லாக் கதவின் கீழ் விளிம்பிலும் இரண்டு மூன்று சிறிய ஓட்டைகள் இருக்கும். கண்ணாடி வழியாக இறங்கும் மழைத் தண்ணீர் வெளியே போகும் பாதை அதுதான். எங்கள் ஊர் மணல் அதை மாதக் கணக்கில் அடைத்துவிடும். தென்னோலை ஈர்க்கு ஒன்று எடுத்து ஒவ்வொன்றாகக் குத்தி விடுங்கள். கம்பி வேண்டாம், அது உள் பெயின்டைக் கீறும். நான் மாதத்தின் முதல் சனிக்கிழமை செய்கிறேன், நாலு கதவுக்கும் ஐந்து நிமிடம் போதும். முதல் தடவை செய்தபோது பின் இடது கதவில் இருந்து அரைக் கோப்பைத் தண்ணீர் வந்தது. அந்தக் கதவை ஆட்டினால் முன்பெல்லாம் தளும்பும் சத்தம் கேட்கும், நான் என்னவோ கழன்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதோடு முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்தையும் பாருங்கள். வேப்பிலையும் முருங்கையிலையும் அங்கே மக்கிக் கிடந்தால் மழைத் தண்ணீர் காருக்குள், கால் வைக்கும் இடத்துக்கு வந்துவிடும்.

இரண்டாவது, எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள்? இதில்தான் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் தெரியாமல் பிழை விடுகிறார்கள். நானும் இரண்டு வருடம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில்தான் கழுவினேன். ஒரு நாள் சந்தேகம் வந்து ஒரு போத்தலில் கிணற்றுத் தண்ணீரையும் இன்னொன்றில் குழாய்த் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு பாடசாலை ஆய்வுகூடத்துக்குப் போனேன். இரண்டிலும் சில துளி வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் விட்டேன். உன்னிச்சைக் குளத்தில் இருந்து வரும் குழாய்த் தண்ணீர் மெல்லிய புகை போல ஒரு கலங்கல் காட்டியது. கிணற்றுத் தண்ணீர் தயிர் மாதிரித் திரண்டது. அவ்வளவும் குளோரைட்டு. உப்பைக் கழுவுகிறேன் என்று நினைத்து உப்பைத்தான் ஊற்றிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

ஆய்வுகூடம் இல்லாதவர்கள் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியில் கிணற்றுத் தண்ணீர் ஒரு துளியும் குழாய்த் தண்ணீர் ஒரு துளியும் விட்டு வெயிலில் காய வையுங்கள். கிணற்றுத் துளி தடித்த வெள்ளை வளையம் விட்டால் அந்தத் தண்ணீர் காருக்கு ஆகாது. பரவாயில்லை, சேறு போக முதலில் கிணற்றுத் தண்ணீரால் கழுவினாலும் கடைசியில் இரண்டு வாளி குழாய்த் தண்ணீரை மேலேயும் சில்லு மூடிக்குள்ளும் அடித்து விடுங்கள். நல்ல மழை பெய்தால் காரை வெளியே விடுங்கள், அதைவிட நல்ல கழுவல் கிடையாது.

மூன்றாவது, காரின் அடிப்பக்கம். சேர்விஸ் ஸ்டேஷனில் பொடி வோஷ் செய்து முடிந்ததும் "அடிக்கு ஒயில் அடிக்கட்டா?" என்று கேட்பார்கள். அது எஞ்சினில் இருந்து கழற்றிய கறுத்த ஒயில். வேண்டாம் என்று சொல்லுங்கள். ரப்பர் புஷ்களையும் பூட்களையும் அது ஊதி மென்மையாக்கிவிடும், மணல் ஒட்டிப் பிடிக்கும், மழையில் வடிந்து நிலத்துக்குள் இறங்கும். எங்கள் மணல் நிலத்தில் பத்துப் பன்னிரண்டு அடியில் கிணற்றுத் தண்ணீர் இருக்கிறது. அதே காரணத்துக்காகத்தான், வீட்டில் ஒயில் மாற்றுகிறவர்கள் தயவு செய்து பழைய ஒயிலை வேலியோரம் ஊற்றாதீர்கள். ஒரு வெற்றுக் கலனில் பிடித்துக் கராஜில் கொடுங்கள், அவர்கள் பீப்பாயில் சேர்த்து விற்கிறார்கள். அடிக்குப் பூச ரப்பர் அன்டர்கோட் இருக்கிறது. ஆனால் துருவைச் சுரண்டி, துருத் தடுப்பு பிரைமர் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் அதை அடிக்க வேண்டும். ஈரத்துருவின் மேல் அடித்தால் உள்ளே அது மூடிய சட்டியில் வேகிற மாதிரி வேலை செய்துகொண்டே இருக்கும். மழை விட்டு வெயில் நிலைக்கும் சித்திரை, வைகாசி இதற்குச் சரியான மாதங்கள்.

என் காரின் படிக்கட்டுத் தகரத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் ஒட்ட டிங்கர் பாஸுக்கு நாலு நாள் பிடித்தது. அதற்குப் பிறகு ஏழு வருடமாகிறது, அந்த இடத்தில் ஸ்க்ரூ ட்ரைவர் இறங்கவில்லை.

பற்றரி

எங்கள் வெக்கையில் பற்றரி இரண்டரை, மூன்று வருடம் ஓடினால் அது தன் கடமையைச் செய்துவிட்டது. ஆனால் நிறையப் பேர் நல்ல பற்றரியையும் எறிகிறார்கள். காலையில் சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று மட்டும் கேட்கிறதா? முதலில் பொனட்டைத் திறந்து பற்றரியின் இரண்டு முனையையும் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் கோளாறு அங்கேதான் இருக்கக் கூடும். முதலில் கறுப்பு வயரைக் கழற்றுங்கள், பிறகு சிவப்பு. இளஞ்சூட்டுத் தண்ணீரில் அப்பச்சோடா ஒரு கரண்டி கரைத்து, பழைய பல் துலக்கியால் முனைகளைத் தேயுங்கள். நுரைத்துக்கொண்டு வரும். பற்றரியின் மூடிகளுக்குள் அது போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழுவித் துடைத்து, மாட்டும்போது முதலில் சிவப்பு, கடைசியில் கறுப்பு. மேலே கொஞ்சம் கிறீஸ் பூசி விடுங்கள். உப்புக் காற்று முனையைத் தொடாது.

மல்டிமீற்றர் ஒன்று வாங்கி வையுங்கள், மலிவானதே போதும். இரவு முழுக்க ஓடாமல் நின்ற காரின் பற்றரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். 12க்குக் கீழே போனால் சார்ஜ் போட வேண்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். அப்படிக் காட்டாவிட்டால் குற்றம் பற்றரியில் இல்லை, பற்றரியைச் சார்ஜ் பண்ணும் ஓல்டர்நேற்றரிலோ அதைச் சுற்றும் பெல்ற்றிலோதான். இந்த ஒரு அளவை நீங்களே எடுத்துக்கொண்டு போனால் கடையில் யாரும் உங்களுக்குத் தேவையில்லாத பற்றரியை விற்க முடியாது.

2022இல் பெற்றோல் இல்லாமல் கார் வாரக் கணக்கில் நின்றதே, பிறகு கியூஆர் அட்டைக்கு வாரம் 20 லீற்றர் கிடைத்ததே, அந்தக் காலத்தில் எங்கள் ஒழுங்கையில் மட்டும் மூன்று பற்றரி செத்தது. கார் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கப் போகிறது என்றால் கறுப்பு வயரைக் கழற்றி வைத்துவிடுங்கள். டயரில் வழமையைவிடக் கொஞ்சம் கூடக் காற்று அடித்து வையுங்கள், ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகாது.

அடுத்த காரில் இருந்து ஜம்பர் வயர் கொடுத்து ஸ்டார்ட் பண்ணும்போது ஒழுங்கு முக்கியம். சிவப்பு வயரின் ஒரு முனை செத்த பற்றரியின் நேர்முனைக்கு, மறுமுனை நல்ல பற்றரியின் நேர்முனைக்கு. கறுப்பின் ஒரு முனை நல்ல பற்றரியின் மறைமுனைக்கு. கடைசி முனையைச் செத்த பற்றரியில் கொடுக்க வேண்டாம், அந்த எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பு ஒன்றில் பிடியுங்கள். பற்றரியில் இருந்து வரும் வாயு தீப்பொறி பட்டால் வெடிக்கும். ஐதரசன்தான்.

கச்சான் காற்றும் றேடியேற்றரும்

ஆனி ஆடியில் மேற்கே இருந்து கச்சான் காற்று அடிக்கும்போது தாழங்குடா வளைவில் நிற்கிற ஆளைக் கேளுங்கள், அடுப்பு வாய்க்கு முன்னால் நிற்கிற மாதிரி இருக்கும் என்பார். அந்தக் காற்றில்தான் எனக்கு ஒரு முறை சூட்டு முள் மேலே ஏறியது. பக்கத்தில் நிறுத்தி, பொனட்டைத் திறந்து, சேலைத் தலைப்பால் றேடியேற்றர் மூடியைப் பிடித்தும்விட்டேன். றோட்டோரம் வத்தகைப்பழம் விற்ற அம்மா ஒருவர் "தொடாத புள்ள! கொதிக்கிது" என்று கத்தினார். அவருடைய மகனின் கையில் முழங்கைவரை வெந்த தழும்பு இருந்ததை அப்புறம்தான் காட்டினார். மூடிக்குள் இருப்பது அழுத்தத்தில் நூறு பாகைக்கு மேல் சூடான தண்ணீர். திறந்த கணமே நீராவியாகி முகத்தில் அடிக்கும்.

சூட்டு முள் ஏறினால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஏசியை நிறுத்துங்கள். நிழலாகப் பார்த்து ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். அரை மணியாவது, முடிந்தால் முக்கால் மணி காத்திருங்கள். மேல் குழாயைத் தொட்டுப் பிடிக்கக் கூடிய சூடு வந்த பிறகு தடித்த துணியை மூடி மேல் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். டிக்கியில் எப்போதும் ஐந்து லீற்றர் நல்ல தண்ணீர் இருக்கட்டும். அதை மெதுவாக ஊற்றுங்கள். கிணற்றுத் தண்ணீரோ வாவித் தண்ணீரோ வேண்டவே வேண்டாம், அலுமினிய றேடியேற்றரை உப்பு உள்ளிருந்து தின்றுவிடும். இது வீடு போய்ச் சேர மட்டும்தான். பிறகு கூலன்ட் சரியான கலவையில் போட வேண்டும்.

தண்ணீர் குறையாமலே சூடு ஏறினால் மின்விசிறியைப் பாருங்கள். எனக்கு அன்று நடந்தது வேறு. பெரும்போக அறுவடை நேரத்தில் வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் ஓடிய நாட்களில் வைக்கோல் தூசியும் பதரும் முன் வலைக்குள் போய் ஏசி கண்டென்சருக்கும் றேடியேற்றருக்கும் நடுவில் பாய் விரித்த மாதிரி அடைந்திருந்தது. எஞ்சின் பக்கத்தில் இருந்து வெளியே தள்ளும்படி தண்ணீர் அடித்துத்தான் எடுத்தார்கள். அறுவடை முடிந்ததும் ஒவ்வொரு வருடமும் இதைச் செய்விக்கிறேன். வைக்கோல் பரப்பிய றோட்டில் ஓடிய பிறகு ஒரு தடவை இறங்கி அடியில் பாருங்கள். சைலன்சர் குழாயில் சுற்றிய வைக்கோல் தீப்பிடிக்கும், மணம் வந்த பிறகு பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள்.

வெள்ளம்

ஐப்பசிக்குப் பிறகு தைவரை எங்கள் மாவட்டத்தில் கார் வைத்திருப்பவர்களின் முதல் பயம் இதுதான். 2011 ஜனவரி வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தாம்போதியின் மேல் தண்ணீர் ஓடும்போது, முன்னால் போன பஸ் கடந்துவிட்டதே, நாமும் போகலாம் என்று தோன்றும். பிள்ளைகளுக்கு மிதப்பு விசையைப் படிப்பிக்க என் காரையேதான் கணக்காகக் கொடுக்கிறேன். காரின் எடை ஏறத்தாழ 700 கிலோ. தரையில் இருந்து அடித்தகரம் 16 சென்ரிமீற்றர் உயரம். அடிப்பக்கத்தின் பரப்பைக் கிட்டத்தட்ட 4 சதுர மீற்றர் என்று வையுங்கள். தண்ணீர் அடித்தகரத்துக்கு மேல் ஒவ்வொரு 10 சென்ரிமீற்றர் ஏறும்போதும் 400 லீற்றர் தண்ணீரைக் கார் விலக்குகிறது, அதாவது 400 கிலோ அளவு மேலே தூக்கப்படுகிறது. அப்படியானால் தண்ணீர் 34 சென்ரிமீற்றர் வந்ததும் கார் மிதக்கத் தொடங்கும். அது வளர்ந்த ஆளின் முழங்காலுக்குக் கீழே. ஓடுகிற தண்ணீர் என்றால் அதற்கும் முன்பே, டயர் தரையைப் பிடிக்கும் பிடி தளர்ந்ததுமே பக்கவாட்டில் தள்ளிவிடும். கணக்கைக் கரும்பலகையில் முடித்ததும் பிள்ளைகள் ஒரு நிமிடம் பேசாமல் இருப்பார்கள். ஒரு பிள்ளை போன வருடம் எழுந்து, "அப்பாட்டச் சொல்லணும் ரீச்சர்" என்றாள்.

தேங்கி நிற்கும் தண்ணீர், சில்லின் நடுமொட்டுக்குக் கீழே என்றால், முதலாம் கியரில் ஒரே வேகத்தில் மெதுவாகப் போகலாம். நடுவில் கியர் மாற்றாதீர்கள், ஆக்ஸிலேற்றரில் இருந்து காலை எடுக்காதீர்கள். எதிரே லொறி வந்தால் அது கடந்து அலை அடங்கும்வரை வெளியே நில்லுங்கள். கரையேறியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓடி உலர்த்துங்கள்.

தண்ணீருக்குள் எஞ்சின் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். எங்கள் பாடசாலையில் ஒரு சேர் இப்படித்தான் நின்ற இடத்திலேயே மூன்று தடவை சாவியைத் திருப்பினார். மூன்றாம் முறை டொங் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் தண்ணீரில் மோதி, அதைத் தாங்கும் தண்டான கொன்றோட் வளைந்துவிட்டது. தள்ளிக் கரையேற்றி, பற்றரியைக் கழற்றி, கட்டி இழுத்துக் கராஜுக்குக் கொண்டுபோயிருந்தால் பிளக், ஃபில்டர், ஒயில் செலவோடு முடிந்திருக்கும். ஒயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, எஞ்சினை ஓட விடவே கூடாது.

இன்னொன்று, ஃபுல் இன்சூரன்ஸ் என்றால் எல்லாம் அதற்குள் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். வெள்ளமும் இயற்கை அனர்த்தமும் பத்திரத்தில் எழுதியிருக்கிறதா என்று புரட்டாதிக்கு முன்னமே படித்துப் பாருங்கள்.

மணல்

பாசிக்குடாவிலோ எங்கள் கல்லடிக் கடற்கரையிலோ மணலில் சில்லு இறங்கினால் ஆக்ஸிலேற்றரை மிதிக்காதீர்கள். சுற்றச் சுற்ற அது கிணறு தோண்டும். முன் டயர்களில் காற்றை 16, 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குங்கள். சில்லுக்கு முன்னால் மணலைக் கையால் சரிவாக வாருங்கள். கிடுகு இரண்டு வாங்கி நீளவாக்கில் சில்லுக்கு அடியில் செருகுங்கள். கிட்டே உள்ள மீன்வாடியில் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். இரண்டாம் கியரில், மெதுவாக. வெளியே வந்ததும் திரும்பக் காற்று அடிக்காமல் வேகமாக ஓடாதீர்கள்.

இரவு றோட்டு

எனக்கு உண்மையாகவே கோபம் வருவது இங்கேதான். காத்தான்குடியின் பேரீச்சை மரங்களையும் விளக்குகளையும் தாண்டி ஆரையம்பதிக்கு அந்தப் பக்கம் போனால் இருட்டு. அந்த இருட்டில் எதிரே வருகிறவர்கள் ஹெட் லைட்டை டிம் பண்ணுவதில்லை. தார் றோட்டின் சூட்டுக்கு மாடுகள் நடு றோட்டில் படுத்திருக்கும். கறுத்த எருமைக்கு விளக்கு வெளிச்சம் பட்டாலும் உருவம் தெரியாது. அறுவடை நாட்களில் உழவு மெசின்கள் பெட்டி நிறைய நெல் மூட்டையோடு பின் விளக்கே இல்லாமல் போகும். பகலில் பாதி றோட்டில் நெல் காயும், பக்கத்தில் கல் வைத்திருப்பார்கள். விவசாயிக்குக் களம் இல்லை, எனக்கு அது விளங்குகிறது. ஆனால் அந்தக் கல்லை மாலையில் எடுத்துவிட வேண்டும். மோட்டார் சைக்கிளில் வருகிற பொடியன்கள் அதில்தான் விழுகிறார்கள்.

நம்மால் செய்யக் கூடியது என்ன? முதலில் முன் கண்ணாடியைத் துடையுங்கள், உள்ளேயும் வெளியேயும். உப்புப் படலம் பகலில் தெரியாது, இரவில் எதிர் வெளிச்சம் பட்டதும் கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். தண்ணீரில் கொஞ்சம் வினாகிரி கலந்து, பழைய நூல் துணியால் துடைத்துப் பத்திரிகைத் தாளால் உலர்த்துங்கள். என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்துக் கண் டொக்டரிடம் போக இருந்தேன், வினாகிரியோடு அது தீர்ந்தது. எதிரே வெளிச்சம் அடித்தால் அதைப் பார்க்காமல் இடது பக்க வெள்ளைக் கோட்டைப் பார்த்து வேகத்தைக் குறையுங்கள். நெல் பரப்பிய இடத்தில் பிரேக் போடாதீர்கள், மணிகள் உருண்டு சில்லு வழுக்கும். வவுணதீவு, வெல்லாவெளிப் பக்கம் இரவில் போகிறவர்கள் யானையைக் கண்டால் ஹோர்ன் அடிக்காமல், இறங்காமல், தூரத்திலேயே நிறுத்திப் பின்னால் எடுங்கள்.

போன மாசியில் சிவப்பு ஒளித்தெறிப்பு நாடா ஒரு சுருள் வாங்கி வைத்தேன். கொக்கட்டிச்சோலையில் இருந்து எங்கள் வீட்டுக்கு நெல் கொண்டுவருகிற தம்பியின் பெட்டிக்குப் பின்னால் நானே ஒட்டினேன். அவருடைய மச்சான்மாரும் கேட்டு வந்தார்கள். ஒரு சுருளில் நாலு பெட்டி முடிந்தது.

புகைச் சான்றிதழும் எலியும்

வருடத்துக்கு ஒரு தடவை வரிப்பத்திரம் புதுப்பிக்கப் புகைச் சான்றிதழும் இன்சூரன்ஸும் வேண்டும். புகைப் பரிசோதனைக்குக் குளிர்ந்த எஞ்சினோடு போகாதீர்கள். பெற்றோல் காரில் அவர்கள் பார்ப்பது காபன் மொனொக்சைட்டும் ஹைதரோகாபனும். புகைக் குழாயில் உள்ள வினையூக்கி நன்றாகச் சூடானால்தான் அதைச் சுத்தமாக்கும். இருபது நிமிடம் ஓடிய காரோடு போய், வரிசையில் நிற்கும்போதும் எஞ்சினை நிறுத்தாமல் இருங்கள். எயார் ஃபில்டர் அழுக்கென்றால் முதல் நாளே மாற்றுங்கள். கடைசிக் கிழமைவரை வைத்திருக்காதீர்கள், ஃபெயிலானால் திருத்த நேரம் வேண்டும்.

எலி வயர் கடிப்பது மழைக் காலத்தில் அதிகம், சூடு தேடி எஞ்சினுக்குள் வந்துவிடும். நான் எல்லா மருந்தும் பார்த்துவிட்டேன். இரவில் பொனட்டைத் திறந்து விடுவது ஒன்றுதான் எனக்குப் பலன் தந்தது, இருட்டும் சூடும் இல்லாவிட்டால் அது தங்காது. கோழித் தீனி மூட்டையைக் கார் நிற்கும் இடத்தில் வைக்கவும் வேண்டாம்.

பாவித்த கார் வாங்கும்போது

போன மாதம் என் மகளின் தோழி, தாதியாக வேலை செய்கிறாள், கார் ஒன்று பார்க்கக் கூட வரச் சொன்னாள். விற்கிறவர் கண்ணாடி மாதிரி மினுக்கி வைத்திருந்தார். புது இருக்கை உறை, புது வாசனை. நான் பெயின்டைப் பார்க்கவில்லை. கால் விரிப்பைத் தூக்கி அடித்தகரத்தைத் தடவினேன், நன்றாகவே இருந்தது. உதிரிச் சில்லைக் கழற்றச் சொல்லி அந்தப் பள்ளத்தைப் பார்த்தேன், மூலையில் மெல்லிய களி படிந்திருந்தது. கதவின் கீழ் ஓட்டைகளில் ஈர்க்கு விட்டேன், சேறு வந்தது. பிறகு முன் இருக்கைப் பெல்ற்றைப் பிடித்து அது முடியும்வரை வெளியே இழுத்தேன். மாட்டும்போது நாம் இழுக்கிற நீளம்வரை கறுப்பு, சுத்தம். அதற்கும் உள்ளே, யாரும் இழுத்துப் பார்க்காத கடைசி ஒரு சாண் அளவில், சாம்பல் நிறத்தில் நேராக ஒரு சேற்றுக் கோடு. அந்தக் கார் இருக்கை உயரத்துக்குத் தண்ணீரில் நின்றிருக்கிறது.

பிள்ளை அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். "சரி அன்ரி, போவம்" என்றாள். இருவரும் பஸ் ஏறி வந்தோம். அடுத்த ஞாயிறு செங்கலடியில் இன்னொரு கார் பார்க்கப் போகிறோம். ஈர்க்கும் மல்டிமீற்றரும் என் கைப்பையில் இருக்கின்றன.